ஏ ஃபோர்ட்டியின் பின் கதவுகள்

மானிப்பாயிலும் அதைச் சுற்றியும் தியாகலிங்கத்தின் காரைத் தெரியாத ஆள் கிடையாது. தெரிந்தபடியால்தான் ஏறுவதற்கு யோசித்தார்கள். கறுப்பு நிற ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோன பிறகு ஊரிலுள்ள மற்றக் கார்களைப் போல அதுவும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகியிருந்தது. காலையில் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி உசுப்பிவிட்டால் பிறகு நாள் முழுக்க இருமிக்கொண்டே ஓடும். அதில் ஏறினவர் கோயிலுக்குப் போனாலும் சரி, செத்தவீட்டுக்குப் போனாலும் சரி, குசினி விளக்கு மாதிரி மணந்துகொண்டுதான் போய்ச் சேருவார்.

ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் உள்ளே. வெங்காயம் ஏற்றினான், புகையிலை ஏற்றினான், நள்ளிரவென்றும் பாராமல் பிள்ளைப்பேற்றுக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினான். ஒருமுறை யாரோ கேட்டார்கள் என்று ஒரு கிடாயையும் பின்சீற்றில் ஏற்றினான். அந்தக் கிடாய் சங்கானைக்குப் போய்ச் சேருவதற்கிடையில் இரண்டு பக்கக் கதவின் உள் உறையையும் மென்று தின்றுவிட்டது. மிச்சத்தை மழையும் கறையானும் பார்த்துக்கொண்டன. கதவின் உட்பக்கத்தில் தகரம் தெரியாமல் மூடுகிற பலகை உக்கி, அதற்குப் போர்த்திருந்த ரெக்சின் நாராய்த் தொங்கியது. பின்சீற்றில் இருப்பவர் கதவில் சாய்ந்தால் சேட்டில் துருப் பிடிக்கும்.

இந்த மனுசனுக்கு நாற்பத்திரண்டு வயதில் கலியாணம் சரிவந்தது. தங்கச்சிமாரைக் கரைசேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தலையில் பாதி நரை. பெண் வட்டுக்கோட்டை. மகாதேவி என்று பெயர், முப்பத்தேழு வயது, வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறாள். பெண் பார்க்கக் கோயிலுக்குப் போனபோது தியாகலிங்கம் தன்னிடம் அவள் என்னென்ன கேட்கக்கூடும் என்று யோசித்து, எல்லாவற்றுக்கும் பதில் ஆயத்தப்படுத்திக்கொண்டு போனான். குடிப்பீங்களோ? இல்லை. கோவம் வருமோ? காருக்கு மட்டும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்த்தாள், சிரித்தாள், அவ்வளவுதான். அவனுக்கு அந்தச் சிரிப்புப் போதுமென்றுதான் இருந்தது. ஆனாலும் வழியெல்லாம் அக்காவின் புருசன் நடராசாவிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"அத்தான், அவ ஒண்டுமே கேக்கேல்லை."

"கேக்காட்டில் நல்லதுதானே. உன்ரை அக்கா கேக்கிறதிலை பாதியைக் குறைச்சால் நான் இன்னும் பத்து வருசம் இருப்பன்."

அவள் ஏன் கேட்கவில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. எண்பத்தைந்தாம் ஆண்டில் அவளுக்கு ஒரு கலியாணம் நாள் வைத்து, பந்தல் போட்டு, சமையலும் முடிந்திருந்தது. மாப்பிள்ளை கொழும்பில் உத்தியோகம். அவனுக்கு அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று கலியாணத்துக்கு முதல்நாள் ஒரு கதை வந்தது. அவளுடைய தகப்பன் பாவம், ஒளிவுமறைவு தெரியாதவர். "மெய்யோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு ஆள் அனுப்பினார். மறுமொழி வரவில்லை. விடிய ஒரு செய்தி வந்தது: சொன்ன கார் பழுதாம், வேறு கார் வருகிறதாம். அந்த வேறு கார் வந்தது. சந்திவரைக்கும் வந்தது. மேளகாரர் எழும்பி நின்று தவிலில் கைவைத்தபோது அது சந்தியில் வளைந்து திரும்பிப் போய்விட்டது. சனத்துக்கு வாய் சும்மா இருக்குமா? அன்றிலிருந்து அந்த வீடு "கார் திரும்பின வீடு". தகப்பன் அடுத்த வருசமே போய்ச் சேர்ந்தார். தாய் மட்டும் மகளுக்கு ஒரே புத்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "கேள்வி கேளாதை பிள்ளை. அந்த மனுசன் கேட்டுத்தானே கெட்டது."

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தியாகலிங்கத்துக்கு ஒரே பிடிவாதம். அந்தச் சந்தியில் ஒரு கார் வளையாமல் நேரே போகவேண்டும். அது தன்னுடைய காராக இருக்கவேண்டும். கலியாணம் முடிந்து அவளை மானிப்பாய்க்குக் கூட்டிக்கொண்டு வருகிறபோது அவள் அதன் பின்சீற்றில் மகாராணி மாதிரி இருக்கவேண்டும்.

"மகாராணியோ? அந்தக் கிடாய் இருந்த சீற்றிலையோ?" என்றாள் நல்லம்மா அக்கா. "டொக்டரின்ரை கேம்பிறிச் காரைக் கேப்பம். கூறைச் சீலையோடை வாற பிள்ளையை உந்தத் துருவுக்குள்ளை இருத்தினால் சனம் காறித் துப்பும்."

"என்ரை கார்தான் போகும்."

"அப்ப அந்தப் பின் கதவு ரெண்டையும் மனுசர் சாயிற மாதிரி ஆக்கிக் காட்டு. காட்டினால் உன்ரை கார். இல்லாட்டில் கேம்பிறிச்."

அக்கா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அவளுக்கும் தம்பி மேல் உயிர். அந்த உயிரை அவள் காட்டுகிற விதம்தான் கொஞ்சம் சுடும்.

ரெக்சினுக்கு எங்கே போவது? கடையில் சவர்க்காரமே கிடையாத காலம். அவனைப் போல ஹயருக்கு, வாடகைக்குக் கார் ஓடுகிற லியோன்தான் வழி கண்டுபிடித்தான். பட்டணத்தில் ஒரு தியேட்டர் மின்சாரம் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. முதலாளி கதிரைகளைக் கழற்றி விற்றுக்கொண்டிருந்தார். லியோன் போய்ப் பல்கனிக் கதிரைகளின் முதுகை உரித்துக் கடுஞ்சிவப்பு ரெக்சின் ஒரு கட்டுக் கொண்டுவந்தான்.

"பல்கனி ரெக்சினடா. கீழை கலரி வாங்கிலை இருந்து படம் பாத்த எங்களுக்கு இப்பதான் யோகம் வந்திருக்கு" என்றான்.

அளந்து பார்த்தால் அது இரண்டு பின் கதவுகளுக்குத்தான் காணும். ஒரு சாண் கூட மிஞ்சாது. முன் கதவுகள் பழையதைத் துடைத்துப் போட்டுக்கொள்ளட்டும், முன்னுக்கு லியோன்தானே இருந்து ஓட்டப்போகிறான்.

தியாகலிங்கம் வேலையை முற்றத்திலேயே தொடங்கினான். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பிடியைக் கழற்றி, உக்கின பலகைகளை ஒரு தட்டையான அலவாங்கால் நெம்பி எடுத்தான். எடுக்க எடுக்கப் பொடியாய்க் கொட்டியது. தேயிலைப் பெட்டிப் பலகையில் புதிதாய் இரண்டு வெட்டினான். அரத்தால் விளிம்பைத் தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, அந்த வேலை அருமையாக வந்தது. இனி அதற்கு உறை. நடுவில் வரிவரியாகப் பஞ்சு வைத்துத் தைத்த உறையாக இருந்தால்தான் சாய்கிறவர்களுக்குச் சுகம். அதற்குத் தையல் தெரிந்த ஆள் வேண்டும்.

"தைக்கத் தெரிஞ்ச பொம்பிளையைக் கட்டப்போறவன் ஏன் ஊரெல்லாம் ஆள் தேடுறாய்?" என்றார் நடராசா அத்தான். "தா, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

தியாகலிங்கம் வெட்கப்பட்டான். வெட்கப்பட்டாலும் மறுக்கவில்லை. பலகையை அளவுக்கு வைத்து, உறைக்கு மாதிரியைப் பேப்பரில் வெட்டப் போனவன், அந்தச் சந்தோசத்தில்தான் பிழை விட்டான்.

பின் கதவென்றால் சதுரம் அல்ல. பின் சில்லு வருகிற பக்கத்தில் கீழ் மூலை வளைவாக வெட்டுப்பட்டிருக்கும். இடக் கதவும் வலக் கதவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற சோடி. நம்முடைய ஆள் என்ன செய்தான்? பழைய பேப்பர் இரண்டு தாளை ஒன்றாக அடுக்கி, இடக் கதவின் பலகையை மேலே வைத்து ஒரே வெட்டாக வெட்டினான். வெட்டினது சரி. பிறகு ஒன்றைத் திருப்பிப் போட்டல்லவா எழுதவேண்டும்? இரண்டையும் ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு, ஒன்றில் "இடம்", மற்றதில் "வலம்", இரண்டிலும் "இது வெளிப்பக்கம்" என்று தன் மணியான எழுத்தில் எழுதி, ரெக்சினையும் இலவம் பஞ்சையும் சேர்த்துச் சுருட்டி அத்தானின் சயிக்கிளில் கட்டிவிட்டான். ஒரு சோடிச் செருப்புத் தைக்கச் சொல்லி இரண்டு இடக் காலைக் கொடுத்த மாதிரி.

அதற்குப் பிறகு பொன்னுருக்கு வந்தது. பத்தர் வந்து முற்றத்தில் தாலிக்குப் பொன்னை உருக்கினார், கன்னிக்கால் ஊன்றினார்கள். பொன் உருக்கினால் பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் வீட்டைவிட்டு வெளிக்கிடக்கூடாது, தாலி ஏறும்வரை ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. அது இங்கத்தைய வழக்கம். நாள் முழுக்க ரோட்டில் திரிகிற தியாகலிங்கத்துக்குப் வாசற் படலைக்குள் இருப்பது சிறையாக இருந்தது. கதவில் உறையில்லாத காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். மேலே ஆமியின் ஹெலி பறந்தால் நிமிர்ந்து பார்ப்பான், போனதும் மறுபடி காரைச் சுற்றுவான்.

அத்தான் இரண்டு உறைகளையும் கொண்டுவந்து கொடுத்தபோது பின்னேரம். முதலாவதை விரித்தவன் அப்படியே நின்றுவிட்டான். அடடா! என்ன தையல்! நடுவில் பஞ்சு வைத்த வரிகள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடின. கீழ்ப் பக்கத்தில், அவன் சொல்லாமலே, ஒரு சின்னப் பை வேறு வைத்துத் தைத்திருந்தாள்.

"உது லேஞ்சி வைக்கவாம்" என்றார் அத்தான். "அழுதால் துடைக்க வேணுமாம். கலியாணப் பொம்பிளை அழத்தானே வேணும் எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னது பிள்ளை."

இடக் கதவின் பலகைக்கு அந்த உறையைப் போர்த்து, சயிக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசன் பூசி, ஓரம் மடித்துச் சின்ன ஆணி அடித்தான். கச்சிதம். கதவில் பூட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். அந்த ஒரு கதவுக்காகவே காருக்குப் பத்து வயது குறைந்தாற்போல இருந்தது. அக்கா கூட வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கை" என்றாள். அக்காவின் வாயில் அது பெரிய பட்டம்.

பிறகு இரண்டாவதை எடுத்தான். வலக் கதவின் பலகையில் வைத்தான். வளைவு பின்பக்கம் வரவேண்டியது முன்பக்கம் வந்தது. திருப்பினான், ரெக்சினின் துணிப்பக்கம் வெளியே வந்தது. தலைகீழாக்கினான். மறுபடி திருப்பினான். எப்படிப் போட்டாலும் பொருந்தவில்லை. சுருட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போய்ச் சாக்குக்குக் கீழே ஒளித்துவைத்தான். அக்காவிடம் ஒளித்து வென்றவர் யார் இருக்கிறார்கள்? விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னமே அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பிழை என்ரைதான், அக்கா. பேப்பர் நான் வெட்டினது."

"ஆர் வெட்டினாலும் பொன் உருக்கினாப் பிறகு பிழைச்ச சாமான் வீட்டுக்குள்ளை வந்திருக்கு. நல்ல சகுனமே உது? சொன்னது சொன்னதுதான். ரெண்டு கதவும் எண்டுதானே சொன்னனான்."

அவன் அந்த இரவு நித்திரை கொள்ளவில்லை. எங்கேயாவது ஒரு முழம் ரெக்சின் கிடைக்குமா என்று மனதுக்குள் யாழ்ப்பாணம் முழுவதையும் தேடினான். காலையில் எழும்பிப் பல் விளக்கிக்கொண்டு, லியோனிடம் ஆள் அனுப்பலாம் என்று அத்தானைத் தேடினான். அத்தானைக் காணவில்லை. சயிக்கிளையும் காணவில்லை.

"அத்தான் எங்கை?"

"வட்டுக்கோட்டைக்கு விட்டிருக்கிறன்" என்றாள் அக்கா, தேங்காய் துருவிக்கொண்டே. "முதலிலை சொல்லிவைக்கிறதுதானே மரியாதை. சொன்ன கார் பழுது, வேறை கார் வரும் எண்டு சொல்லச் சொன்னனான்."

தியாகலிங்கத்தின் கையில் இருந்த செம்பு கீழே விழுந்தது.

"அக்கா! என்ன வேலை செய்தனீ!"

"ஏன்ரா கத்துறாய்?"

"அந்த வீட்டுக்கு அண்டைக்கும் இந்தச் செய்திதானே போனது! சொன்ன கார் பழுது, வேறை கார் வருகுது எண்டுதானே அவங்கள் சொன்னவங்கள்! அச்சொட்டாய் அதே சொல்லு!"

நல்லம்மா அக்காவின் கை திருவலையில் அப்படியே நின்றது. அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு அது உறைக்கவில்லை, அவ்வளவுதான். உறைத்தபோது முகம் வெளிறிப்போனது. "ஐயோ, எனக்கு அது நினைவிலை வரேல்லையே தம்பி. அந்தப் பிள்ளை என்ன பாடுபடுதோ" என்று நெஞ்சில் கைவைத்தாள்.

தியாகலிங்கம் சயிக்கிளை எடுத்தான். வலக் கதவின் பலகையையும் பிழைத்த உறையையும் தன் சயிக்கிள் கரியரில் வைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினான். ஏன் அதைக் கொண்டுபோகிறான் என்று அவனுக்கே தெரியாது. கார் பழுதில்லை, உறை மட்டும்தான் பிழை என்று அந்த வீட்டில் காட்டவேண்டும் போல இருந்தது. படலையைத் திறக்கப் போனபோது அக்கா ஓடி வந்து குறுக்கே நின்றாள். மறிக்கப் போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் அவன் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினாள்.

"போ. ஆனால் அவளைப் பாக்காதை. படலைக்கு வெளியிலை நிண்டு கதைச்சுப்போட்டு வந்திடு. கண்ணாலை மட்டும் பாத்திடாதை, ராசா."

நவாலி தாண்டி வயல்வெளிக்குள் இறங்கினால் வட்டுக்கோட்டைக்குக் கிட்டின பாதை. கரியரில் கட்டின பலகை காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி அவனை ஒருபக்கமாய் இழுத்தது. இவ்வளவு கெதியாய் அவன் தன் காரைக்கூட ஓட்டியதில்லை. தாய்க்காரி தலையிலடித்து அழுகிற சத்தம், பந்தலைக் கழற்றுகிற சத்தம், எல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடவுளே, அவள் நம்பிவிடக்கூடாது, நம்பிவிடக்கூடாது என்று மிதித்தான்.

வயலுக்கு நடுவே ஒரு மதகு. அதற்குப் பக்கத்தில் ஒரு மருதமரம். அங்கே வந்தபோது எதிரே ஒரு பெண் சயிக்கிளில் வருவது தெரிந்தது. கூடையில் தையல் பெட்டி. அவளுக்கு ஒரு கூப்பிடு தூரம் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்குத் தள்ள ஒருவர் மிதித்துக்கொண்டு வந்தார். நடராசா அத்தான்.

"டேய், பாக்காதை! பிள்ளை, பாக்காதை! திரும்புங்கோ ரெண்டு பேரும்!"

இரண்டு பேரும் சயிக்கிளைப் போட்டுவிட்டுச் சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவன் மானிப்பாயைப் பார்த்தான், அவள் வட்டுக்கோட்டையைப் பார்த்தாள். அத்தான் வந்து நடுவில் மதகுக் கட்டின் மேல் குந்தி மூச்சு வாங்கினார்.

"நான் சொல்லி வாய் மூடேல்லை. தாய் மனுசி குழறத் தொடங்கீற்றுது. இவ தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சயிக்கிளிலை ஏறீற்றா. பொன் உருக்கினாப் பிறகு படலை தாண்டின பொம்பிளையை நான் என்ரை சீவியத்திலை கண்டதில்லை."

"கார் மாறுதாம்" என்றாள் மகாதேவி. அவள் அவனோடு பேசிய முதல் வார்த்தை அது. குரல் நடுங்கியது, ஆனால் உரமாக இருந்தது.

"மாறேல்லை. அது அக்கா சொன்னது. நான் சொல்லேல்லை. என்ரை காரிலை ஒரு பழுதும் இல்லை."

"உறை பிழைச்சதாலையோ?"

"ஓம். ஆனால் பிழை உம்முடையது இல்லை. நான்தான் ரெண்டு பேப்பரையும் ஒரே பக்கம் வைச்சு எழுதிப்போட்டன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பேப்பரை விரிச்ச உடனையே தெரியும். ரெண்டும் இடப்பக்கம். சட்டைக் கை வெட்டிச் சீவியம் நடத்திறவளுக்கு உது தெரியாதே?"

தியாகலிங்கத்துக்குத் திரும்பவேண்டும் போல வந்தது. கழுத்தை இறுக்கி நேரே வைத்துக்கொண்டான்.

"தெரிஞ்சுகொண்டோ வெட்டினீர்?"

"ஓம்."

"ஏன்?"

அத்தான் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேப்பரிலை எழுதினதுதான் நீங்கள் முதன்முதல் எனக்குச் சொல்லியனுப்பின சொல்லு. அதைப் பிழை எண்டு எப்பிடித் திருப்பி அனுப்புவன்? அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டவர். எனக்குப் பயமாய்க் கிடந்தது. இன்னொருக்கால் கேட்டு இன்னொரு கார் திரும்பினால் என்னாலை தாங்க ஏலாது. பிழை எண்டு தெரிஞ்சு தெரிஞ்சு வெட்டினன். அந்த நல்ல ரெக்சினிலை கத்தரிக்கோல் வைக்கேக்கை எனக்கு அழுகை வந்தது." அந்த இடத்தில் அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

இத்தனை நாளாய்த் தன் காரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேனே, இந்த மனுசி எவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அந்த நேரான வரிகளைத் தைத்திருக்கிறாள் என்று நினைத்தான். அவள்மேல் அவனுக்கு அப்போது வந்த பாசம் அதுவரை யார்மேலும் வந்ததில்லை.

"மகாதேவி, இஞ்சை பாரும். இல்லை, பாக்காதையும். கேளும். நான் கார் ஓடுறவன். பின்னாலை இருக்கிறவை 'உதிலை திரும்பாதை, பள்ளம் கிடக்கு' எண்டு கத்தினால்தான் எனக்கு நல்லது. கத்தாமல் இருந்துபோட்டு, விழுந்தாப் பிறகு 'எனக்கு முதலே தெரியும்' எண்டால் எனக்கு விசர் வரும்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"அப்ப நான் கத்தலாமோ?"

"ஊருக்குக் கேக்கக் கத்தும். என்ரை பேப்பர் எல்லாம் பிழை. நான் பள்ளிக்கூடத்திலையும் கணக்கிலை பிழைதான்."

"அது மெய்தான் பிள்ளை" என்றார் அத்தான்.

"சரி. அந்த உறையைத் தாங்கோ" என்றாள் அவள், குரலே மாறிப்போய். "பலகையும் கிடக்கே? நல்லதாய்ப் போச்சு. அண்ணை, இஞ்சாலை கொண்டுவாங்கோ."

அத்தான் பலகையையும் உறையையும் அந்தப் பக்கம் கொண்டுபோனார். அவள் மதகுக் கட்டின் மேல் இருந்துகொண்டாள். அவன் எதிர்ப்பக்கக் கட்டின் மேல், முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் உறையைப் பலகையில் போட்டுப் பார்ப்பதும், சாக்கு ஊசியைத் தேடுவதும் சத்தத்தில்தான் அவனுக்குத் தெரிந்தது.

"நடுவிலை வரி ஓடுற துண்டு சரி. அதுக்கு இடம் வலம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தாள். "பின் மூலையிலை ரெக்சின் மிஞ்சிக் கிடக்கு. முன் மூலையிலை குறைஞ்சு கிடக்கு. மிஞ்சினதை வெட்டி மற்ற மூலையிலை வைக்கலாம். வளைவான துண்டுதானே, கொஞ்சம் திருப்பி வைச்சு இழுத்துப் பிடிச்சால் காணும்."

"உதை முதலே எனக்குச் சொல்லியிருந்தால்..."

"சொல்லியிருந்தால் முதலே சரியாய் வெட்டியிருப்பம். ஆனால் ஒட்டுத் தெரியும். கீழை, காலடியிலை, ஒரு கோடு மாதிரி."

"அது வலக் கதவு. என்ரை பக்கம். என்ரை காலடியிலை தெரிஞ்சால் ஆருக்கென்ன?"

"கலியாணக் காரிலை ஒட்டுப் போட்டது கூடாதெண்டு நல்லம்மா மச்சாள் சொல்லுவா."

"மச்சாளிட்டை நீரே கேளும். நான் சொன்னால் கேக்கமாட்டா."

"ஓம், நானே கேக்கிறன்" என்றாள். கேட்கிறேன் என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில் ஒரு ருசி இருந்தது, நீண்ட காலம் விலக்கியிருந்த கறியை மறுபடி வாயில் வைத்த மாதிரி. அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. காரை எங்கே விடுகிறீங்கள், மழைக்கு ஒழுகாதோ? கிடாயை ஏன் ஏற்றினீங்கள், யோசிக்கிறதில்லையோ? மண்ணெண்ணெய் மணத்துக்கு வேப்பிலை போட்டுப் பாத்தீங்களோ? அக்கா காலமை என்ன சாப்பிடுவா? ரெக்சினுக்குள் ஊசி கிறீச்சென்று ஏறி இறங்கியது. அவன் வயலைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். பெண் பார்க்கப் போன அன்று அவன் ஆயத்தப்படுத்தியிருந்த பதில்களில் ஒன்று கூட உதவவில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு.

வழியில் வந்த ஒரு புல்லுக்கட்டுக்காரர் மூன்று பேரையும் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன நடராசா, ரெண்டு பேருக்கும் கோவமோ?"

"கோவமில்லையணை. கலியாணம்" என்றார் அத்தான்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஊசிச் சத்தமும் நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று தியாகலிங்கத்துக்குத் தெரிந்தது. ஆனால் அவள் எழும்பவில்லை.

"இன்னும் ஒண்டு கேக்கவேணும்" என்றாள்.

"கேளும்."

"கேட்டால் குறை நினைக்கமாட்டீங்களே?"

"கேளும் எண்டுறன்."

அவள் மெல்லமாய்க் கேட்டாள். "கார் வருமோ?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு வருசமாய் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. தாயும் கேட்கவில்லை, கலியாணம் பேசி வந்தவர்களிடமும் கேட்கவில்லை. தியாகலிங்கத்துக்கு இதற்கு வயலைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. அக்காவும் வழக்கமும் ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் எழும்பித் திரும்பினான்.

"ஐயோ, பாத்திட்டான்!" என்றார் அத்தான்.

அவள் ஊசியைக் கையில் பிடித்தபடி, மடியில் பலகையோடு, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது திரும்பினாளோ தெரியாது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"வரும்" என்றான் அவள் முகத்தைப் பார்த்து. "மண்ணெண்ணெய் கிடையாட்டில் லியோனும் நானும் தள்ளிக்கொண்டு வருவம். கார் அசையாட்டில் கழுத்திலை மாலையோடை நான் நடந்து வருவன். சந்தியிலை நிக்கமாட்டன். உம்மடை வாசலிலைதான் வந்து நிப்பன்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்து, உறை போட்ட பலகையைத் தன் கையாலேயே அவனிடம் நீட்டினாள்.

"அப்ப வாங்கோ" என்றாள்.